99 சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டினார்களாமே, உண்மையா?

ராணிப்பேட்டைக்காரன் கேட்டது:

ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தை (2025 செப்டம்பர் 28, துபாய்) வீட்டில் நான், அக்கா, அக்கா மகன் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். அவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கடைசியில் திலக் வர்மா ஜெயித்துக் கொடுத்ததும் எல்லோரும் சேர்ந்துதான் கத்தினோம். சண்டை வந்தது அதற்கு ரொம்ப முன்னால். பாகிஸ்தான் பேட்டிங், ஃபர்ஹான் ஒரு சிக்ஸ் தூக்கினான். "நல்ல ஷாட்டுடா" என்றேன். அவ்வளவுதான்.

"மாமா, போன வாரம் மட்டையைத் துப்பாக்கி மாதிரி பிடிச்சுக் காட்டினவன் அவன். அவனுக்கா நல்ல ஷாட்டு?" என்று ஆரம்பித்தான். பஹல்காம் தாக்குதல், ஆபரேஷன் சிந்தூர், நம் ஆட்கள் கைகுலுக்காமல் போனது எல்லாம் வந்தது. பாகிஸ்தான் போர்டு தலைவர் நக்வி கையால் கோப்பை வாங்க மாட்டோம் என்று நம் ஆட்கள் நின்றபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ எல்லையில் ஒரு மலையைப் பிடித்த மாதிரி.

நான் 99 சேப்பாக்கம் டெஸ்ட்டைச் சொன்னேன். பாகிஸ்தான் ஜெயித்ததற்கு ஸ்டேடியமே எழுந்து நின்று கைதட்டியதாகக் கேள்விப்பட்டதுதான், நேரில் பார்த்ததில்லை. "அதெல்லாம் பெரிசுங்க கிளப்பிவிட்ட கதை மாமா" என்று முடித்துவிட்டான்.

இங்கே அந்த மேட்சுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உண்மையிலேயே அப்படி நடந்ததா? நடந்தது என்றால் அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

---

பட்டாபிராமன்_கேட் எழுதியது:

உண்மைதான் தம்பி. நான் உள்ளே இருந்தேன்.

பட்டாபிராமன் கேட் பக்கம், கான்கிரீட் படியில் இடம். முன்னால் ஒரு தூண். பழைய சேப்பாக்கம் தெரிந்தவர்களுக்கு அந்தத் தூண்கள் மறக்காது, பாதி மேட்ச் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 31, அதனால் யாரிடமும் லீவுக்குத் தலையைச் சொறிய வேண்டி இருக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். அது சும்மா ஒரு டெஸ்ட் இல்லை. 1987 பெங்களூருக்குப் பிறகு பாகிஸ்தான் இந்தியாவில் டெஸ்ட் ஆடவே இல்லை. ஆட விடமாட்டோம் என்று சிவசேனா சொல்லிக்கொண்டிருந்தது. 91-ல் வான்கடே பிட்சைத் தோண்டி டூரையே நிறுத்திய அனுபவம் அவர்களுக்கு உண்டு. 99 ஜனவரியில் டெல்லி கோட்லா பிட்சைத் தோண்டினார்கள், பம்பாயில் கிரிக்கெட் போர்டு ஆபீஸில் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். டெல்லியில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் அப்படித்தான் நம்மிடம் வந்தது. கோயம்புத்தூர் குண்டுவெடிப்பு முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, போலீஸ் சும்மா இருக்குமா? டிபன் பாக்ஸைக்கூட உள்ளே விடவில்லை. வெளியே பிளாட்பாரத்தில் நின்றே புளிசாதத்தைத் தின்று தீர்த்துவிட்டு உள்ளே போனோம்.

271 அடிக்க வேண்டும். 82-க்கு 5 போய்விட்டது. அப்புறம் சச்சினும் நயன் மோங்கியாவும் நின்றார்கள். மோங்கியா போகும்போது 218. சச்சினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் குனிந்து நிற்பார், நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இன்னும் 17 ரன் இருக்கும்போது பாகிஸ்தான் ஸ்பின்னர் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார். மேலே போன பந்து அவர்கள் கேப்டன் அக்ரம் கையில் இறங்கியது. 136. அதற்குப் பிறகு வந்தவர்கள் சேர்த்தது 4 ரன். 12 ரன்னில் தோல்வி.

என் பக்கத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தர். காலையிலிருந்து சக்லைனின் குடும்பத்தில் ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டினார், அதுவும் தாளத்தோடு. கடைசி விக்கெட் விழுந்ததும் கொஞ்ச நேரம் ஸ்டேடியத்தில் சத்தமே இல்லை. பாகிஸ்தான்காரர்கள் நடுவில் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், அவர்கள் கத்துவது எங்கள் வரிசைவரை கேட்கிறது. எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது. எங்கள் வரிசையில் முதலில் எழுந்தவர் யார் என்றால் இந்த வண்ணாரப்பேட்டை ஆள்தான். "போட்டாம்பா... இன்னா போடு போட்டான்" என்றார். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து, மொத்தம் பத்து விக்கெட் சக்லைனுக்கு. அப்புறம் அக்ரம் பசங்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார். எங்கள் பக்கம் வந்தபோது எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தோம். அவ்வளவுதான் நடந்தது. யாரும் மகாத்மா ஆகிவிடவில்லை. வெளியே வந்ததும் பறக்கும் ரயிலில் சுனில் ஜோஷியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

இதை வைத்து "மெட்ராஸ் கூட்டம் விவரம் தெரிந்த கூட்டம்" என்று சொல்லிச் சொல்லி ஒரு சிலையே செய்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. விவரம் தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. 97-ல் இதே சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் எழுந்து கைதட்டினார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு இரண்டு காரணங்கள் இருந்தன.

ஒன்று, வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு வீம்போடுதான் வந்தார்கள். நாங்கள் எந்த மேட்ச் பார்ப்பது என்பதை பம்பாயில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் முடிவு பண்ணுவதா என்ற வீம்பு. இதையும் ஒரு வகை அரசியல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பழி போட ஆள் இல்லை. சச்சின் அவுட் ஆனது அவர் அடித்த ஷாட்டில். அம்பயர் தவறில்லை, யாரும் குறுக்கே வரவில்லை. தோற்றோம், ஆனால் யாரும் எங்களை ஏமாற்றவில்லை.

இரண்டே வாரம் தள்ளி கல்கத்தாவைப் பாருங்கள். பிப்ரவரி 16 முதல் 20 வரை ஈடன் கார்டன்ஸ். இதே இரண்டு அணி, இதே சச்சின். 279 துரத்தும்போது சச்சின் மூன்றாவது ரன்னுக்கு ஓடுகிறார், நடுவில் நின்ற ஷோயப் அக்தர் மேல் மோதுகிறார், பவுண்டரி பக்கத்திலிருந்து வந்த பந்து நேராக ஸ்டம்ப்பில் விழுகிறது. ரன் அவுட். பாட்டில் பறந்தது. சச்சினும் கிரிக்கெட் நிர்வாகி டால்மியாவும் சுற்றி நடந்து வந்து கெஞ்சிய பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. மறுநாள் திரும்பவும் அதே கதை. போலீஸ் மொத்த கூட்டத்தையும் வெளியே தள்ளியது, அறுபதாயிரத்துக்கும் மேல். காலி ஸ்டேடியத்தில் கடைசி விக்கெட் விழுந்தது. ஷோயப் வேண்டுமென்றே நிற்கவில்லை என்று இன்றுவரை நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் கேலரியில் இருந்தவனுக்கு "ஏமாற்றிவிட்டான்" என்ற ஒரு எண்ணம் போதும். கல்கத்தாக்காரன் வெறியன், மெட்ராஸ்காரன் ஞானி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மோதல் சேப்பாக்கத்தில் நடந்திருந்தால் என் பக்கத்து ஆள் என்ன எறிந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈடனைக் காலி பண்ணிய அதே பிப்ரவரி 20-ம் தேதிதான் வாஜ்பாயி பஸ்ஸில் லாகூருக்குப் போனார்.

---

உறையூர்_மீனா எழுதியது:

அண்ணா எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் 99-ஐப் பற்றிப் பேசினால் ஜனவரியோடு நிறுத்திவிடுகிறீர்கள் எல்லோரும். மே, ஜூன் எங்கே?

நான் திருச்சி. கார்கிலில் மே 29-ம் தேதி பட்டாலிக் பகுதியில் மேஜர் சரவணன் இறந்தார். எங்கள் ஊர்க்காரர், பீகார் ரெஜிமெண்ட். உடலை உடனே எடுக்க முடியவில்லை, ஜூலையில்தான் கிடைத்தது. ஜூன் 8-ம் தேதி மான்செஸ்டரில் இந்தியா - பாகிஸ்தான் உலகக் கோப்பை மேட்ச் நடந்தபோது அவர் அந்த மலையில்தான் கிடந்தார்.

அன்றைக்கு எங்கள் தெருவில் வெங்கடேஷ் பிரசாத் எடுத்த ஒவ்வொரு விக்கெட்டுக்கும் (ஐந்து எடுத்தார்) வெடி போட்டார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் அப்பா, கிரிக்கெட் என்றாலே எழுந்து போய்விடுகிறவர், அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தார். இதை வெறி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் எனக்குக் கோபம் வரும். உங்கள் கைதட்டல் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரியில் யாருடைய வீட்டுக்கும் பெட்டி வரவில்லை. கைதட்டுவது சுலபமாக இருந்தது.

தம்பியின் மருமகனுக்கும் பஹல்காம் படங்கள் கண் முன்னால் நிற்கின்றன. அவனை மட்டும் திட்டி என்ன செய்வது?

---

டீக்கடை_பெஞ்ச் எழுதியது:

சேப்பாக்கம் பெருமை போதும்பா. நம் ஊர்க் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

2018 ஏப்ரல் 10. காவிரிப் போராட்டம் நடக்கும்போது ஐபிஎல் எதற்கு என்று ஸ்டேடியத்துக்கு வெளியே ரசிகனை அடித்தார்கள். உள்ளே செருப்பு பறந்தது. மீதி மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போனது. காவிரியில் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, என் சொந்த ஊர் மன்னார்குடி. ஆனால் பவுண்டரி ஓரம் நின்ற டு பிளெசிஸ் என்ன மேட்டூர் அணையையா மூடினார்?

2013-ல் இலங்கை ஆட்டக்காரர்கள் சென்னை ஐபிஎல் மேட்சில் ஆடக் கூடாது என்று முடிவானது. அதற்கு முந்தைய வருஷம் கொழும்பிலிருந்து நட்பு ஆட்டம் ஆட வந்த பள்ளிக்கூடப் பையன்களையே திருப்பி அனுப்பினார்கள், நேரு ஸ்டேடியத்தை ஒதுக்கிக் கொடுத்த அதிகாரியைச் சஸ்பெண்ட் பண்ணினார்கள். அந்தப் பையன்களுக்கு முள்ளிவாய்க்கால் நடந்தபோது என்ன வயது? காரணம் ஒவ்வொரு தடவையும் நியாயமானதாகத்தான் இருக்கிறது. அடி மட்டும் சம்பந்தம் இல்லாதவன் முதுகில் விழுகிறது.

---

பட்டாபிராமன்_கேட் எழுதியது:

மீனாம்மா சொன்னது சரி. அந்தத் துக்கத்தை நான் வெறி என்று சொல்ல மாட்டேன். பெஞ்ச் சொன்னதும் சரி, அந்த 2018 செருப்பு விஷயத்தில் எனக்கு வெட்கம் உண்டு.

ஆனால் தம்பி கேட்டது "இப்போது ஏன் முடியவில்லை" என்று. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

இந்தியாவும் பாகிஸ்தானும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பரில். இரண்டு நாடும் தங்களுக்குள் ஆடிய கடைசி ஒருநாள் தொடர் 2012 டிசம்பர் - 2013 ஜனவரி. அதன் முதல் மேட்ச்கூட சேப்பாக்கம்தான், தோனி 113 அடித்தும் தோற்றோம். அதோடு கதவை மூடியாகிவிட்டது. உறவு கிடையாது, பேச்சு கிடையாது, டூர் கிடையாது. சரி, கொள்கை என்றால் கொள்கை. ஆனால் 2013-லிருந்து ஆண்களுக்கான ஒருநாள், டி20 உலகப் போட்டி எதை எடுத்தாலும் முதல் சுற்றிலேயே இந்த இரண்டு அணியும் மோதுகிறமாதிரி அட்டவணை வருகிறது. ஒரு தடவை குலுக்கலில் அப்படி வரலாம், இத்தனை தடவையா வரும்? அந்த ஒரு மேட்ச் இல்லாவிட்டால் டிவி உரிமையை அந்த விலைக்கு விற்க முடியாது.

அதாவது, வருஷம் முழுக்க அவன் முகத்தில் முழிக்கக் கூடாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழித்துக் கத்த வேண்டும், அந்தக் கத்தலுக்கு நடுவில் விளம்பரம் ஓட வேண்டும். 2015 உலகக் கோப்பைக்குப் பட்டாசு வைத்து ஒரு விளம்பரம் வந்ததே, பாகிஸ்தான் ரசிகன் வருஷக்கணக்காக வெடிக்காத பட்டாசோடு காத்திருப்பதாக. சிரித்துக்கொண்டேதான் பார்த்தோம். நன்றாகவும் எடுத்திருந்தார்கள்.

எங்களுக்கு அக்ரமையும் சயீத் அன்வரையும் தெரியும். ஷார்ஜாவில், டொராண்டோவில் எத்தனை மேட்ச் பார்த்திருப்போம். திட்டுவதற்காவது ஆளைத் தெரிந்திருந்தது. அக்ரம் பந்து எப்படி உள்ளே வரும் என்று தெருவில் டென்னிஸ் பந்தில் போட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். உங்கள் மருமகனுக்கு ஃபர்ஹான் என்றால் அந்தத் துப்பாக்கிக் கொண்டாட்டம் மட்டும்தான் தெரியும். அவனுக்குக் காட்டியது அவ்வளவுதான். ஃபர்ஹான் செய்ததும் கேவலம், ஹாரிஸ் ரவூஃப் விரலைக் காட்டி விமானம் விழுவதுபோல் செய்ததும் கேவலம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் 2019-ல் மான்செஸ்டரில் ஜெயித்தபோது பாகிஸ்தான் மேல் இன்னொரு தாக்குதல் என்று எழுதியது உள்துறை அமைச்சர். துபாய் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் ஆபரேஷன் சிந்தூர் என்று எழுதியது பிரதமர். கோப்பையோடு மேடையில் நின்ற நக்வி யார்? ஆசிய கிரிக்கெட் தலைவர், பாகிஸ்தான் போர்டு தலைவர், அந்த நாட்டு உள்துறை அமைச்சர், எல்லாம் ஒரே ஆள். இரண்டு பக்கமும் பெரிய பதவியில் இருப்பவர்களே மேட்சையும் சண்டையையும் ஒன்று என்று சொல்லும்போது பத்தொன்பது வயதுப் பையன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

மீனாம்மா, உங்கள் அப்பா அன்றைக்கு உட்கார்ந்து பார்த்ததில் யாருக்கும் லாபம் கிடையாது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அதுதான்.

---

யாழ்_தேவி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப கொழும்பில வேலை. ஒரு சின்ன விஷயம் சொல்லலாம் எண்டு வந்தன்.

1996 ஜனவரி 31 கொழும்பு மத்திய வங்கியில குண்டு வெடிச்சது. உலகக் கோப்பை தொடங்க ரெண்டு கிழமைதான் இருந்தது. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். அப்ப இந்தியாவும் பாகிஸ்தானும் என்ன செய்தது தெரியுமோ? ரெண்டு நாட்டு ஆக்களும் ஒரே அணியா வந்து பிரேமதாச மைதானத்தில இலங்கையோட ஒரு நட்பு ஆட்டம் ஆடிச்சினம். அசாருதீன் கப்டன். களுவித்தாரண அவுட் ஆனது அக்ரமின்ர பந்தில, பிடிச்சது சச்சின். ஸ்கோர்கார்டில அந்த ரெண்டு பேரும் ஒரே வரியில இருக்கு. அந்தத் தம்பிக்குக் காட்டுங்கோ.

அடுத்த மாதம் இலங்கை கோப்பை எடுத்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில இருந்தம். கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். எங்கட வீட்டில ரெண்டு கட்சி. பெரியண்ணை இலங்கை தோற்கவேணும் எண்டு சொன்னவர், வீட்டை விட்டு வந்த ஆத்திரம் அவருக்கு. ஆனா அரவிந்த டி சில்வா நூறை நெருங்க நெருங்க, டைனமோவைச் சுத்துறதை அவர் நிப்பாட்டவே இல்லை. ஏன் எண்டு நாங்களும் கேக்கேல்லை.

---

ராணிப்பேட்டைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மீனா அக்கா சொன்னதை அவனிடம் முதலில் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டான். கைகுலுக்காதது சரிதான் என்பதில் இன்னும் மாறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கொழும்பு மேட்ச் ஸ்கோர்கார்டை மட்டும் அவனே தேடி எடுத்துப் பார்த்தான். அதிலிருந்து எப்படியோ 99 சேப்பாக்கத்துக்குப் போய் அரை மணி நேரம் போனிலேயே இருந்தான். கடைசியில் அவன் கேட்டதை அப்படியே போடுகிறேன், பட்டாபிராமன் சார்தான் பதில் சொல்ல வேண்டும்: "மாமா, கையில மூணு விக்கெட் வெச்சுக்கிட்டு 17 ரன் எடுக்க முடியலையா? ஒருத்தர்கூட சிங்கிள் தட்ட மாட்டாரா?"

---

பட்டாபிராமன்_கேட் எழுதியது:

அவனை ஒரு நாள் இங்கே அனுப்புங்கள். ஜோஷி, கும்ப்ளே, ஸ்ரீநாத் மூன்று பேரும் எப்படி எப்படி அவுட் ஆனார்கள் என்று பந்து பந்தாகச் சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், நேரம் ஆகும்.